மணம் இல்லாத கஞ்சி

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் தளவாயின் கடைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம், மூக்கே கொண்டுபோய் விடும். முளைகட்டிய கேழ்வரகை அவர் வறுக்கும் மணம் அப்படி. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, அந்த மாவை விற்றே வீடு கட்டிய மனிதர். "சிவக்க வறுக்கணும், ஆனா கருகப்பிடாது. அதாக்கும் கைப்பக்குவம்" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

மனைவி முத்தாரம்மாளுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கடையை ஒட்டிய வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தவளுக்கு மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் ஆகாரம். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கொழுக்க வைத்த மாவு கையில் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? தளவாய் அதையே காய்ச்சினார். கஞ்சி கெட்டியாகிக் குழாயை அடைத்தது. தண்ணீர் விட்டார். மறுபடியும் அடைத்தது, இன்னும் விட்டார். அவள் வயிறு நிறைந்தது. உடம்போ நாளுக்கு நாள் உருகிப் போனது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் ஷிபா, அவர் கொண்டுவந்த மாவை மோந்து பார்த்தாள்.

"நல்லா வறுத்திருக்கிய, அண்ணாச்சி. அதான் பிரச்னை. முளைச்ச தானியத்துல ஒரு என்சைம் உண்டு. கஞ்சிய அதுவே இளக்கிரும், தண்ணி வேண்டாம். ஆனா வறுத்தா அது செத்துப்போவும். நெழல்ல காய வச்சுப் பொடிங்க. கஞ்சி வெந்து கொஞ்சம் ஆறின பொறவு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்க, கேட்டியளா."

புதிதாக முளைகட்டி, காயவைத்து, வறுக்காமல் பொடித்தார். கலக்கியதும், களி போல நின்ற கஞ்சி கண்ணெதிரே இளகி ஓடியது. ஒரு கொதி விட்டு ஆற்றி ஊற்றினார். அடைக்காமல் இறங்கியது. தளவாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் வெறும் தண்ணீரை ஊற்றி இவளைப் பட்டினி போட்டுவிட்டோமே.

முத்தாரம்மாள் மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு வறுக்கலியா? மணமே வரலியே..."

நாக்கில் எதுவுமே படாதவளுக்கு அந்த மணம்தான் சாப்பாடாக இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அதன்பிறகு குழாய்க்கு வறுக்காத மாவு. அவளுக்கென்று தினமும் ஒரு பிடி கேழ்வரகைக் கட்டிலருகே அடுப்பை வைத்து வறுத்தார். மணம் எழும்பியதும் அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பும்.

உடம்பு தேறவில்லை. அதற்கான காலம் எப்போதோ கடந்திருந்தது. ஒரு காலையில் அறை முழுக்க மணம் நிறைந்தும் அந்த முகம் திரும்பவில்லை. தளவாய் அடுப்பை அணைக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தார். ஆயுளில் முதல் தடவையாக அவர் கையில் கேழ்வரகு கருகியது.