தங்க ஓடையில் தாலிக்கொடி தேடியது

லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்திலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தால் எதிரே நகைக்கடைக் கண்ணாடி. உள்ளே பதினொரு தாலிக்கொடிகள் தொங்குகின்றன, நேற்றுப் பன்னிரண்டு. அவற்றைக் கண்டதும் என் கை தானாக இடுப்பைத் தடவுகிறது. அங்கே ஒன்றும் இல்லை.

சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் நானும் மனைவியும் முதல்முறை புறப்பட்டபோது, மனைவியின் தாலிக்கொடியை என்ன செய்வதென்று எனக்கு மூன்று கிழமை நித்திரை இல்லை. கழுத்தில் கிடந்தால் வழியில் அறுப்பார்கள்; வீட்டில் வைத்தால் பூட்டை உடைப்பார்கள். கடைசியில், நானே இடுப்பில் கட்டிக்கொண்டு போவதென்று முடிவு. அவள் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் ஒரு துணிப்பை தைத்து, அதன் வாயையும் தைத்துத் தந்தாள். விமான நிலையச் சோதனையில் திரையைப் பார்த்த அதிகாரி சிரித்தபடி பையைத் திருப்பித் தந்தார். நம் தங்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் எங்களை ஒரு பழைய தங்கச் சுரங்க ஊருக்குக் கூட்டிப்போனாள். தங்கம் தேடி வந்தவர்கள் விட்டுப்போன ஊரை அப்படியே வைத்திருக்கிறார்கள்: மரக் கடைகள், குதிரை வண்டி, அந்தக் காலத்துத் தொப்பியோடு ஒரு தபால்காரர். எங்கும் குதிரைச் சாண மணம். சுரங்கத்துக்குள் எண்பத்தாறு படிகள். வெளியே ஓடையில் தகரத் தட்டால் மண்ணை அலசினால் தங்கத் துகள் கிடைக்குமாம். நானும் குனிந்தேன். ஐந்தாவது தட்டில் இடுப்பைத் தொட்டால் பை இல்லை.

பதினைந்து பவுண் கொடி. சுற்றிவர நாற்பது பேர், எல்லோரும் தங்கம் தேடுகிறவர்கள். வாய் திறக்கப் பயம். தட்டுத் தட்டாக அலசினேன்.

"அப்பாவுக்குத் தங்கப் பைத்தியம் பிடிச்சிட்டுது" என்றாள் மகள்.

முப்பத்தோராவது தட்டில் மனைவி அருகில் வந்து குந்தினாள். "இஞ்சாருங்கோ, என்னத்தைத் தேடுறியள்?"

சொன்னேன். அவள் கழுத்துச் சால்வையை விலக்கினாள். கொடி அங்கேயே கிடந்தது.

"நீங்கள் உயிரோடை இருக்கேக்கை நான் இதைக் கழட்டுவனே? பைக்குள்ளை இருந்தது நாங்கள் முந்தி இருந்த திரான்சி வீட்டுப் பழைய திறப்புக் கோர்வை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் வழி முழுக்க என்ரை கழுத்தையெல்லோ பாத்துக்கொண்டு வந்திருப்பியள்."

திரையில் சாவிகளைக் கண்ட விமான நிலையத்து அதிகாரியின் சிரிப்பு அப்போதுதான் விளங்கியது.

அவள் கடைசிவரை கழற்றவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியில் தாதிதான் கழற்றி, ஓர் உறையில் போட்டு என்னிடம் தந்தாள். அதை மகள் கொண்டுபோய்விட்டாள். ஓடையில் போன சாவிகளுக்கு உரிய கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். களவு போவதற்கு என்னிடம் இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் மெத்ரோவில் ஏறினால் அடுத்த தரிப்பு வருவதற்குள் ஏழு தரம் இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறேன்.