ஹெக்டர் விட்டுவிட்ட கடைசி அத்தியாயம்

கொட்டாஞ்சேனைச் சந்தியில் பதினெட்டு வருடமாக ஓட்டோ ஓட்டும் ஹெக்டர் ஒரு ஹயரைக்கூட, எவ்வளவு சின்னச் சவாரியென்றாலும், வேண்டாமென்று சொன்னதில்லை. தன் கல்யாணத்தன்றே, கோட்டும் சூட்டுமாக ஒரு கர்ப்பிணியைப் பொரளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அரை மணித்தியாலம் பிந்திக் கோயிலுக்குப் போனவன். மனைவி பிறிஜெற் அந்தக் கணக்கை இன்னும் தீர்க்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுசனை ஒரு கடுதாசி ஆட்டிப்படைத்தது.

மகள் றஷ்மி பத்தாம் வகுப்புக்கு வந்ததும், புது ஆங்கில டீச்சர் நேசமலர் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தார். முதல் வாரமே பிள்ளைகளின் கையில் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் சட்டதிட்டம் கொடுத்தனுப்பினார். பாடசாலை நாட்களில் தினமும் இருபது நிமிடம் ஆங்கிலக் கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் இருந்து கேட்க வேண்டும். கேட்டவர் தான் கேட்டதைப் பற்றி ஒரு வசனம் தன் கையால் எழுதி, கையொப்பம் வைக்க வேண்டும். தவணைப் புள்ளியில் இருபது இதற்குத்தான்.

பிறிஜெற் புறக்கோட்டைப் புடைவைக் கடையில் வேலை முடிந்து வர இருட்டிவிடும். ஆகவே கேட்கும் பொறுப்பு ஹெக்டரின் தலையில் விழுந்தது. பாடசாலை விட்டதும் றஷ்மி ஓட்டோவின் பின்சீற்றில் ஏறியிருந்து வாசிப்பாள். கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரரோடு பேசிப் பழகிய காது அவனுக்கு. பாதி தானாகப் புரியும், மீதியை மகள் தமிழில் சொல்வாள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை. எழுதுவதென்றால்தான் வியர்த்துக் கொட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் ஆங்கிலத்தில் எழுதக் கற்றது தன் பெயரை மட்டும்தான்.

"நானே எழுதுறேன் டடி, நீங்க சைன் மட்டும் வையுங்க."

"மகள் எழுதினா கள்ளம்."

"அப்ப?"

"ரிஷாத் எழுதினா உதவி."

இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்காது. ஆனால் ஸ்டாண்டில் எல்லோரும் ஏற்றார்கள். பக்கத்து ஓட்டோக்காரன் ரிஷாத் கட்டாரில் ஒரு கந்தோரில் ஆறு வருடம் வேலை செய்தவன். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் கந்தோர்க் கடித ஆங்கிலம். ஆகவே றஷ்மியின் கொப்பியில், மேற்படி விடயம் தொடர்பாகப் பிள்ளையின் வாசிப்பு எமக்குப் பூரண திருப்தியளிக்கிறது என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக எழுதினான். அதே வகுப்பில் பிள்ளை வைத்திருந்த இன்னும் இரண்டு ஓட்டோக்காரருக்கும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தான்.

ஆறாவது வாரம் சிவப்பு மையில் ஓலை வந்தது. மூன்று கொப்பியிலும் ஒரே கையெழுத்து. தகப்பன் நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் இருபதும் பூச்சியம்.

றஷ்மி அழவில்லை. அழுதிருந்தால் ஹெக்டர் எப்படியாவது சமாளித்திருப்பான். அவள் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்ததுதான் அவனைக் குடைந்தது. தனக்கு ஆங்கிலம் எழுத வராததற்குப் பிள்ளை தண்டம் கட்டுவதா?

வியாழக்கிழமை பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு டீச்சரின் முன் போய் நின்றான்.

"இது உங்கட கையெழுத்தோ?"

"சைன் என்ட டீச்சர். மத்தது கூட்டாளி எழுதினது."

"அப்ப நீங்க இருந்து கேக்கேல்லை?"

அது சுருக்கென்று தைத்தது. "ஐயோ டீச்சர், அப்பிடிச் சொல்லாதீங்க! ஒரு நாளும் விடல்ல."

"அப்பிடியெண்டால் கதையைச் சொல்லுங்கோ பாப்பம்."

சொல்லத் தொடங்கினான். கப்பலில் வெங்காயம் உரிக்கும் ஒருத்தன், தான் கப்டன் என்று வருடக்கணக்காகத் தாய்க்குப் புளுகிக் கடிதம் எழுதுகிறான். ஒரு நாள் அந்தத் தாய் துறைமுகத்துக்கே வந்து நிற்கிறாள். ஹெக்டர் கப்டனின் தொப்பியைத் தலையில் வைத்துக் காட்டினான், வெங்காயக் கண்ணைக் கசக்கிக் காட்டினான், நடுவில் கதாசிரியரோடு சண்டையும் பிடித்தான்.

"அவன் புளுகினது பிழைதான் டீச்சர். ஆனா அந்தத் தாய் அவனைக் கப்டனா இருன்னு ஒரு நாளும் கேக்கல்லயே. பாவம், வீணா பயந்துட்டான்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இதை ஏன் நீங்க எழுதேல்லை?"

"இங்கிலீஷ் எழுத வராது டீச்சர்."

அவர் சட்டதிட்டக் கடுதாசியை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். "கேட்டதை எழுதச் சொன்னனான். இங்கிலீஷில எண்டு எங்க சொன்னனான்?" பிறகு குரல் தணிந்தது. "தமிழில எழுதலாம் எண்டும் சொல்லேல்லைத்தான். பிழை என்னிலயும் இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள உங்கட கையால எழுதி அனுப்புங்கோ."

ஹெக்டர் ஒரு வசனத்தோடு விடவில்லை. வெள்ளி பின்னேரமும் சனி பின்னேரமுமாக ஓட்டோ ஹாண்டிலில் கொப்பியைச் சாய்த்து வைத்துத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினான். ரிஷாத் எட்டிப் பார்த்து, "மச்சான், மேற்படி விடயம் எங்கடா?" என்றான். ஹெக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை கொப்பி திரும்பி வந்தது. அடியில் சிவப்பு மையில் தமிழில் எழுதியிருந்தது: 'மிக நன்று. இருபதுக்குப் பதினெட்டு. கடைசி அத்தியாயத்தைக் காணவில்லையே? அதை எழுதினால் மிச்சம் இரண்டும் தரப்படும்.'

ஹெக்டருக்கு முகம் செத்துப்போனது. கடைசி அத்தியாயம் வாசிக்க இருந்த அன்று ஹெந்தளைக்கு ஒரு ஹயர் வந்தது. மகளை இறக்கிவிட்டுப் போனவன் திரும்பி வந்து, கேட்டதாகவே கையொப்பம் வைத்தான். ஒரு நாளும் விடவில்லை என்று டீச்சரின் முகத்துக்கு நேரே அடித்துச் சொன்னதும் அவனேதான்.

"டீச்சர் கண்டுபிடிச்சிட்டாங்க டடி," என்று றஷ்மி சிரித்தாள். அவள் பின்சீற்றில் ஏறி, கடைசி அத்தியாயத்தை விரித்தாள். அந்தத் தாய் கப்பல் ஏணியில் ஏறத் தொடங்கும் இடம்.

அப்போதுதான் இரண்டு பெரிய பைகளோடு ஒரு மனிதர் வந்து ஓட்டோவுக்குள் குனிந்தார். "பொரளைக்குப் போகுமா?"

ரிஷாத் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்க, ஹெக்டர் பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக மாட்டேனென்று தலையை ஆட்டினான்.

"மன்னிக்கணும் சேர், அடுத்த ஓட்டோவில ஏறுங்க. எனக்கு ஹோம்வேர்க் இருக்கு."