ஒத்தடம் என்றால் சூடு

எலும்பு முறிந்த வலது மணிக்கட்டில் தகடு வைத்து வீட்டுக்கு வந்த அன்று, செய்ய வேண்டியவற்றை இடது கையால் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கை நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். கட்டு நனையக் கூடாது. துணி சுற்றிய ஐஸ், பதினைந்து நிமிடம். பிறகு விரல் பயிற்சி. எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது போல இருந்தது.

தேனியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஊசி பிடிப்பது அந்த வலது கைதான். தையல் பிரிக்க வரும்போது விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட வேண்டும், வீக்கத்தோடு விட்டால் விரல்கள் இறுகிவிடும் என்று பிசியோதெரபி அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் சொன்ன ‘ஐஸ் ஒத்தட’த்தில் அம்மாவின் காதில் விழுந்தது இரண்டாவது சொல் மட்டும். மறுநாள் காலை உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். நான் தடுப்பதற்குள், கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் இரண்டு முறை ஒற்றியும் விட்டார்.

“ஒத்தடம்னா சூடுதேன். குளுமைய எலும்புல ஏத்திக்கிட்டு மழைக்காலத்துல யாரு கத்துறது?”

“நாந்தேன் கத்துவேன். ஐஸ எடும்மா.”

எடுத்துத் தந்தார். கட்டிகள் துணியைத் தாண்டிக் குத்தின, சரிந்து கீழே விழுந்தன. வலி முழுதாக அடங்கவில்லை. பயிற்சியில் நடுவிரலும் சுண்டுவிரலும் பாதி வழியில் நின்றன. அடுத்த இரண்டு நாளும் அதே பாதி வழி. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் குறைக்காமல் செய்தேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் ஃப்ரீசரைத் திறந்தால் உள்ளே ஒரு பை. எங்கள் தோட்டத்துத் திராட்சையில் கொத்திலிருந்து உதிர்ந்த பழங்கள், கல் போல உறைந்திருந்தன. அம்மாவே துணி சுற்றிக் கட்டின் மேல் வைத்தார். பழங்கள் உருண்டு, மணிக்கட்டின் இருபுறமும் படிந்து உட்கார்ந்தன. எதுவும் குத்தவில்லை. நகத்தை அழுத்தி விட்டேன், வெளுத்துச் சிவந்தது. ரத்தம் ஓடுகிறது என்றேன். அதன் பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை அம்மாவே அழுத்திப் பார்த்தார்.

பதினைந்து நிமிடம் கழித்து விரல்களை மடக்கினேன். வலி இருந்தது, தூரத்தில் இருந்தது. நடுவிரல் பாதி வழியைத் தாண்டி உள்ளங்கையில் இடித்தது.

“தொட்டுருச்சாத்தா?” என்றார் அம்மா.

“தொட்டுருச்சு.”

“அப்பயும் இதுக்குப் பேரு ஒத்தடம் இல்ல.”

தாளில் ஐஸ் என்பதை அடித்துத் திராட்சை என்று எழுதினேன். அதன் கீழே இன்னொரு வரி: சுண்டுவிரல், பாக்கி.