லிஃப்ட்காரரின் இரண்டாவது ஆள்

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட்காரர்'. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஆளில்லாமல் ஏறி இறங்கினாலும், பேய் என்று ஊரைக் கூட்டிவிட்டு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடிக் கதவு தானாகத் திறக்கிறது என்று ஆயாக்கள் மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து, பட்டனுக்குப் பின்னால் ஒயரில் தண்ணீர் கசிவதைக் கண்டுபிடித்தார். "உங்க பேயை ஓட்ட பிளம்பர் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

வேலையில் கறார். தான் பார்த்ததை முதலில் சொல்ல மாட்டார். கூட வந்தவரைத் தனியாகப் பார்க்க வைத்து, அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் தன்னுடையதைச் சொல்வார். ஒருத்தர் மட்டும் பார்த்தது செல்லாது.

நான் அவரைப் பார்த்துக்கொள்ளப் போனபோது எழுபத்தாறு வயது. மூளையில் வியாதி. நடை தளர்ந்து, கை நடுங்கி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தார்கள்.

முதல் நாளே கேட்டார்: "நர்ஸம்மா, ஜன்னலோர நாற்காலியில யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லண்ணே."

"நல்லது. செத்துப்போன என் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கா. உயிரோட இருந்தப்போ ஒரு நிமிஷம் உட்கார மாட்டா. அதுலயே சந்தேகம் வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "என் கண்ணை இனிமே நம்ப முடியாது. நீங்கதான் ரெண்டாவது ஆள். பாவம் பார்த்து ஒரே ஒரு பொய் சொன்னாலும் நான் தொலைஞ்சேன்."

இப்படிப்பட்டவர்களிடம், தெரிவதை இல்லையென்று வாதாடக் கூடாது என்றுதான் எனக்குப் பயிற்சி. இவரோ வாதாடவே இல்லை, உண்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் அப்படியே ஓடியது.

"கதவுகிட்ட?"

"யாருமில்ல."

"கட்டிலுக்குக் கீழ நாய்?"

"இல்ல."

"உங்க பின்னால தடியா ஒருத்தன்?"

"அது உங்க தம்பி."

"அடடா, அவனாவது இல்லாம இருந்திருக்கலாம்."

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு இது பொறுக்கவில்லை. போனில் எப்போதும் இதே பேச்சு. "அம்மா இருக்காங்கன்னே சொல்லிடுங்களேன், நர்ஸம்மா. அப்பாவுக்கு அந்த நிம்மதியாவது கிடைக்கட்டும். உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?"

ஒன்பதாம் மாதம் ஒரு வாரம் அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். படுக்கை மாற்றி மாற்றி எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சாயங்காலம் நாற்காலியைக் காட்டி, "அவ இருக்காளா?" என்றார். அழுதுகொண்டிருந்தார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"இருக்காங்கண்ணே" என்றேன்.

அழுகை நின்றது. "என்ன கலர் உடுத்தியிருக்கா?"

"பச்சை." வாய்க்கு வந்தது அதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு அவ வரவேயில்ல. எனக்கு நாற்காலி காலியாத்தான் தெரியுது. அது சரிதானான்னு கேட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க" என்றார். அதன்பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பார், புரட்டினால் புரளுவார். தம்பி வந்து பேசினாலும் பதில் இல்லை. எது ஆள், எது வியாதி என்று தெரியாதபோது வருகிறவர் யாரிடமும் பேசாமல் இருப்பதே ஒழுங்கு என்று முடிவு செய்துவிட்டார் போல.

பத்து நாள் கழித்து மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா, நான்தான்ப்பா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க பொண்ணு. நிஜமாவே வந்திருக்கா" என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க."

மகள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் விரல்களை மெதுவாக அசைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்போ சூடு கூடத் தெரியுது. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ரொம்ப முத்திடுச்சு."

மகள் நான்கு நாள் இருந்தாள். அவளே ஊட்டினாள், துடைத்துவிட்டாள், பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.