என் கழுத்தில் அவர் விரல்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் கோயில் வாசலில் செருப்புக் காவலுக்கு இருந்தவர் பழைய பட்டாளக்காரர். குண்டுவெடிப்பில் ஒரு கால் சிதைந்தவர். பக்தர்கள் சீட்டு எடுத்து நேர்ந்துகொள்ளும் வழிபாட்டு வெடியைக் கோயிலில் போடும் நேரத்தில் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொள்வார்.

மகள் பரீட்சைக்காக நான் வெடிக்குச் சீட்டு எடுத்த அன்று, அவரிடம் ஏதோ பேசப்போனேன். கேட்பதற்காகப் பஞ்சை எடுத்தார். வெடித்தது. என்னைக் கல்தரையில் அடித்து வீழ்த்தி, மேலே ஏறிக் கழுத்தை நெரித்தார். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். என் வாயெல்லாம் ரத்தம்.

அவர் மேல் போலீஸ் கேஸ் ஆகக் கூடாதே என்று, படியில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார்.

"எந்தா சாமி, கெடுத்துட்டீங்களே. ராணுவ மெடிக்கல் போர்டுல காலுக்கு மட்டும்தான் ஊனச் சதவீதம் போட்டிருக்கு. தலைக்குள்ள வெடிக்கிறதுக்குச் சான்று கேக்குறாங்க."

"அங்க நீங்க சொல்லலையா சேட்டா?"

"பட்டாளத்துல பழகின நாக்கு. டாக்டரைப் பார்த்தா 'ஃபிட் சார்'னுதான் வரும். பென்ஷன் கூடினா இந்த வெடிக்குப் பக்கத்துல உக்கார வேண்டாம். இல்லேன்னா அடுத்தது எவன் கழுத்தோ."

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். டாக்டர் விரல் தடங்களை அளந்து எழுதிக் கொடுத்தார். பட்டாளக்காரர் தன் மனநல டாக்டரின் சான்றோடு அதையும் சேர்த்து ராணுவ போர்டுக்குக் கொடுத்தார். அடுத்த போர்டில் சதவீதம் கூடியது.

வேலையை விட்டுப் போகிற அன்று, மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் கழுத்துப் பக்கம் கை நீட்டினார். நான் என்னையறியாமல் பின்னால் நகர்ந்துவிட்டேன். அவர் கையை மடக்கிக்கொண்டார்.

பகவான் முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தக் கைதான் தெரிகிறது.