பின்வேலியில் ஓடிய மின்சாரம்

ஒரு மார்கழி மாதம் முழுக்க எங்கள் அம்மா ஒரு மனிதனைக் கொல்லத் தயாராக இருந்தாள். இப்படிச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். திருடனுக்குப் பயந்து கம்பி கட்டினேன், அவ்வளவுதான் என்பாள். அவ்வளவுதானா என்பது எனக்கு இன்னும் தீராத சந்தேகம்.

வெண்ணந்தூருக்கு மேற்கே, தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் வீடு எங்களுடையது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது பெரியப்பா வீடு ஒன்றுதான். கூப்பிடத்தான் முடியாது. பாகம் பிரித்தபோது கிணற்று வரப்பு யாருக்கு என்று அப்பாவுக்கும் அவருக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. சண்டை முற்றிய ஒரு நாள் பெரியப்பா அரிவாளை ஓங்கி, இந்த வரப்பில் கால் வைத்தால் வெட்டிப் போடுவேன் என்று கத்தினார். கடைசியில் அவர் வெட்டியது பக்கத்தில் நின்ற ஆமணக்குச் செடியைத்தான். அந்தச் செடி செய்த பாவம் என்னவோ. ஆனால் ஓங்கிய கையை அம்மா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா லாரி ஓட்டினார். வடக்கே ஒரு நடை போனால் திரும்பிவர ஒரு மாதம் ஆகும். வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் அப்போது நாலாம் வகுப்பு. அந்த மார்கழித் தொடக்கத்தில் எங்களுக்கு இரண்டு தோட்டம் தள்ளி ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்து, வயதானவரின் மண்டையை உடைத்து, அவர் மனைவியின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனார்கள். சுற்றுவட்டாரமே கதிகலங்கிப் போனது. சிலர் நாய் வாங்கினார்கள், சிலர் தலைமாட்டில் மிளகாய்த்தூள் வைத்துக்கொண்டு படுத்தார்கள். கடப்பாரையைக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்த ஒருவர், விடியற்காலையில் அது தடுக்கித் தானே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார். திருடனால் அந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு ஏற்பட்ட ஒரே சேதம் அதுதான்.

அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள். மாமா ராசிபுரத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். மின்சாரத்தைத் தான் வளர்த்த கன்றுக்குட்டி என்பதுபோலத்தான் பேசுவார். ஒரே நாளில் பின்வேலி நெடுகிலும் முளை அடித்துக் கம்பி இழுத்து, வீட்டு லைனிலிருந்து இணைப்புக் கொடுத்து, சுவிட்சை அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். “தொட்டான்னா அப்படியே ஒட்டிக்குவான் அக்கா. காலைல போயி எடுத்துக்கலாம்” என்றார். பல்லிபோல ஒரு திருடன் கம்பியில் ஒட்டிக்கொண்டிருப்பான், காலையில் நாங்கள் போய்ப் போலீஸில் ஒப்படைப்போம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, அதே கையோடு அம்மா சுவிட்சைப் போடுவாள். விடிந்ததும் முதல் வேலையாக அணைப்பாள். ஒரு நாள் காலையில் கம்பிக்கு அடியில் ஒரு பெருச்சாளி விறைத்துக் கிடந்தது. மாமாவுக்குச் சொல்லி அனுப்பியபோது, பரவாயில்லை, நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். ஒட்டிக்கொள்வது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா அதைப் புதைத்துவிட்டு வந்து, சாயங்காலம் வழக்கம்போல விளக்கேற்றி, வழக்கம்போலச் சுவிட்சைப் போட்டாள்.

பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு கொத்தாகச் சேர்த்து வீட்டு முகப்பு, மாட்டுக்கொட்டகை, கிணறு, காடு என்று நாங்கள் சொல்லும் விளைநிலத்தின் மூலை எல்லாவற்றிலும் கட்டிவிட்டால் கெட்டது எதுவும் உள்ளே வராது என்று நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. தம்பி ஊரில் இல்லாவிட்டால் அவன் காட்டுக்கும் அண்ணன்தான் காப்புக் கட்ட வேண்டும். பேச்சு நின்றுபோனவர்களுக்கு இது பொருந்துமா என்று பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. பொருந்தும் என்று பெரியப்பா தானாகவே முடிவு செய்திருக்கிறார். ஆனால் வாசல் வழியாக வர அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு, யார் கண்ணிலும் படாமல், பின்வேலி வழியாக வந்தார். வேலியில் கம்பி இழுத்திருப்பதைப் பார்த்திருப்பார், அதில் மின்சாரம் ஓடுவது அவருக்குத் தெரியாது.

மாடு கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. அம்மா பாய்ந்து சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மல்லாந்து கிடந்தார். கம்பி அவரைப் பிடித்துக்கொள்ளாமல் தூக்கி எறிந்திருந்தது. மாமாவின் வேலையில் ஏதோ ஒரு குறை எங்கள் எல்லோரையும் காப்பாற்றியிருக்கிறது. வலது உள்ளங்கை கருகியிருந்தது. இடது கையில் காப்புக் கொத்து அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். அவர் தன் கையைப் பார்க்கவில்லை. கம்பி எங்கே தொடங்கி எதுவரை போகிறது என்றுதான் பார்த்தார். அது அவருடைய காட்டுக்கு எதிரே தொடங்கி, அவருடைய காடு முடிகிற இடத்தில் முடிந்திருந்தது.

“எனக்கா கட்டுன அம்மிணி?” என்று கேட்டார்.

“ஐயோ இல்லீங்க, திருடனுக்குங்க” என்று அம்மா கதறி அழுதாள்.

பெரியப்பா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “தண்ணி கொண்டா சாமி” என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்குத் தன் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்துவிட்டதாகச் சொன்னார். அம்மாவை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.

மறுநாள் பொங்கலுக்கு வந்த சித்தப்பாவிடம் மட்டும் அம்மா உண்மையைச் சொன்னாள். சித்தப்பா, அதாவது என் சித்தியின் கணவர், நாமக்கல் கோர்ட்டில் வக்கீல். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர், அன்று பொங்கலுக்கு வந்திருந்த மாமாவைப் பிடித்து உலுக்காத குறைதான். திருடனை அடிக்கச் சட்டத்தில் இடமில்லையா என்று மாமா முறைத்துக்கொண்டு கேட்டார்.

“இருக்குதுங்க. பொழுது போனப்பறம் ஊட்ட ஒடைச்சுக்கிட்டு ஒருத்தன் பூந்து, உங்க உசுருக்கே ஆபத்துன்னா, அடிச்சு அவன் செத்தாக்கூடச் சட்டம் உங்க பக்கம் நிக்கும். ஆனா அவனப் பாத்து நீங்க பயந்திருக்கோணும். அந்தப் பயத்துல நாயம் இருக்கோணும். கம்பிக்கு என்னங்க பயம்? வந்தவன் திருடனா, பால்காரனா, ஊட்டு மனுசனான்னு அது பாக்குமா? அவரு செத்திருந்தா உங்கக்கா இந்நேரம் ஜெயில்லங்க.”

சித்தப்பா கொஞ்சம் தணிந்து, ரோடு இருப்பது முன்பக்கம், திருடன் வருவதும் அந்தப் பக்கம்தான், அப்படியிருக்கப் பின்னால் மட்டும் ஏன் கட்டினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். பால் பொங்கிவிடும் என்று அம்மா உள்ளே போய்விட்டாள். மாமாதான், கம்பி பத்தவில்லை என்று பதில் சொன்னார். மீதிக் கம்பி பெரிய சுருளாக உள்ளே ஆணியில் தொங்கியதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நானும், ஆமாம் என்று தலையாட்டினேன். அன்று மத்தியானமே அம்மா கம்பி முழுவதையும் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள். என்னிடம் ஒரு தூக்குவாளி பொங்கலைக் கொடுத்துப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினாள்.

இப்போது நான் சேலத்தில் குடியிருக்கிறேன். என் கணவரும் வேலைக்காக வெளியூர் போகிறவர். என் குழந்தை தூங்கும் அறையில் ஒருவன் கத்தியோடு நின்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத் துளியும் வருந்த மாட்டேன். சித்தப்பா சொன்ன சட்டமும் சரியானதாகவே படுகிறது. என் குழப்பம் வேறு. ஓங்கிய அரிவாளைப் பார்த்து அம்மா பயந்தது நியாயம்தான். அரிவாள் கீழே இறங்கிய பிறகும் அந்தப் பயம் எதுவரை நியாயம்? திருடன் என்ற பெயர் அதற்கு வசதியாகக் கிடைத்தது, அவ்வளவுதானோ என்று சில நாள் தோன்றும். அப்படி நினைத்த உடனே அம்மாவை எண்ணிப் பாவமாகவும் இருக்கும்.

அந்தப் பொங்கலோடு பெரியப்பா எங்களிடம் பேச ஆரம்பித்தார். இருமவும் ஆரம்பித்தார். தன் காட்டில் நாளெல்லாம் வேலை செய்வார், ஒரு செருமல்கூட இருக்காது. எங்கள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினால் போதும், வரப்பிலிருந்தே பெரிதாக இருமுவார். சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து, அவர் கண்ணில் படும்படி நிற்பாள். எனக்கு அது வேடிக்கை. அவரைப் போல இருமிக் காட்டி ஒரு முறை அம்மாவிடம் நன்றாக அடி வாங்கினேன். பெரியப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று அப்பாவிடம் போனில் சொன்னதும் நான்தான். அடுத்த நடை முடிந்து திரும்பும்போது அப்பா ஒரு பெரிய பாட்டில் இருமல் மருந்து வாங்கி வந்தார்.

அதை என்னிடம்தான் கொடுத்தனுப்பினார்கள். பெரியப்பா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்கொப்பன் வாங்கியாந்தானா சாமி?” என்று கேட்டுவிட்டு, என் எதிரிலேயே மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தார். பாட்டில் காலியாகும் வரை ஒழுங்காகக் குடித்தார் என்றுதான் பெரியம்மா சொன்னாள். அத்தனையும் குடித்த பிறகும் எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் அந்த இருமல் நிற்கவே இல்லையே என்று எனக்கு ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது.