கடலுக்குத் தாழ்ந்த ஊரில் ஓர் இணைச்சீர்

இந்த ஊரில் கடல் தெருவைவிட உயரத்தில் இருக்கிறது. வந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இன்றைக்கும் காலையில் பால் போசியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் என் தலைக்கு மேல் நிற்கிறது என்ற நினைப்பு ஒரு தடவை வந்து போகும். அலை ஏறுகிற நேரத்தில் ஊர் வாய்க்கால்களைப் பெரிய மரக்கதவு போட்டு அடைத்துவிடுவார்கள். கோக்கர் என்று அதற்குப் பெயர். அலை இறங்கியதும் ஓர் ஆள் வந்து சங்கிலியைச் சுற்றிக் கதவைத் தூக்குவான். ஊரில் பெய்த மழை, துணி துவைத்த தண்ணீர், என் மாட்டுக் கொட்டகையைக் கழுவிய தண்ணீர் எல்லாம் அப்போதுதான் கடலுக்குப் போகும். காரமடைப் பக்கத்தில் என் அப்பா தண்ணீரைத் தேடிப் பாறைக்கு வெடி வைத்து வெடி வைத்துக் கிணற்றில் இறங்கியவர். இரண்டு எருதைப் பூட்டித் தோல்சாலில் கவலை இறைத்தால்தான் எங்களுக்கு ஒரு பாத்தி நனையும். அவருடைய மகள் நான், தண்ணீரை வெளியே தள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிற ஊரில் வந்து பிழைக்கிறேன்.

ஊர் ஜார்ஜ்டவுன். டெமராரா என்று நம் பக்கம் சொல்வார்களே, அந்தச் சீமைக்குத் தலைநகர். வீடுகள் எல்லாம் மரம், எல்லாம் வெள்ளைப் பூச்சு, எல்லாம் கால் முளைத்த மாதிரி தூண்மேல் நிற்கும். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் வாய்க்கால், அதன்மேல் ஒரு சின்னப் பலகைப் பாலம். வாய்க்காலில் தட்டு அகலத்துக்குத் தாமரை இலை. ஆற்றுத் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்து கடலில் விழும். அழகான ஊர்தான். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூரில் இப்போது மில்லுக்கு மேல் மில் எழும்புகிறதாம், பைக்காராவிலிருந்து கம்பி வழியாக விளக்கு வந்துவிட்டதாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் புறப்பட்டபோது அங்கே பஞ்சமும் பிளேக்கும்தான் இருந்தன.

எனக்கு எழுத்து அதிகம் இல்லை. கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் அவசரப்பட மாட்டேன். எழுத வேண்டியதாகப் போனதற்குக் காரணம் நாச்சிமுத்து மாமா. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். இங்கே நம் பக்கத்துக் குடும்பங்கள் நாலைந்து உண்டு, அவற்றுக்கெல்லாம் கல்யாணச் சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் அவர்தான். போன கப்பலில் ஊர் திரும்பிவிட்டார். காரமடைக்குப் போய் என் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என் மகன் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார் என்று இங்குள்ள ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தில் தெரிந்தது. அவர் பொய் சொல்கிறவர் அல்ல. சொன்னதெல்லாம் நடந்ததுதான். ஆனால் முன்னால் நடந்ததைச் சொல்லாமல் பின்னால் நடந்ததை மட்டும் சொன்னால் கேட்கிறவர்களுக்கு என்ன விளங்கும்? அதனால் நான் முன்னாலிருந்து தொடங்குகிறேன். என் பிறந்த வீட்டு வாசல் எனக்கு மூடிப்போகுமா போகாதா என்பது இதில்தான் இருக்கிறது.

இந்த ஊருக்குப் பொன்னால் ஒரு காலம் இருந்தது. ஆற்றோடு மேலே போனால் காடு, காட்டுக்குள் ஓடைகள், ஓடை மணலில் பொன் துகள். அதை அரித்து எடுக்கப் போகிறவர்களை இங்கே போர்க்நாக்கர் என்பார்கள். மாதக்கணக்கில் காட்டில் கிடந்து, எலும்பும் தோலுமாக வருவார்கள், இடுப்பில் மட்டும் பை கனக்கும். நான் வந்த காலத்தில்கூட அவர்கள் ஆட்டம் ஓய்ந்திருக்கவில்லை. ஒருத்தர் நாவிதரிடம் போக மேளக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, அவர்கள் முன்னால் வாசிக்க, தாடியோடு ஊர்வலம் போய், தாடி இல்லாமல் ஊர்வலம் திரும்பினார். பொன் தீர்ந்ததும் அதே ஆள் என்னிடம் வந்து கடனுக்குப் பால் கேட்டார். இப்போது பெரிய வீடுகள் மட்டும் மிச்சம். மணிக்கூண்டுச் சந்தை வாசலில் கிழவர்கள் சிலர் உட்கார்ந்து, தாங்கள் விட்டுவந்த ஓடை இன்னும் அப்படியே இருப்பதாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப் போனவர்தான் எங்கள் பக்கத்து வீட்டு மார்த்தாவின் புருஷன் சாமுவேல். அவர்கள் கறுப்பர்கள். அவர்களுடைய பாட்டன்மாரை விலங்கு பூட்டிக் கொண்டுவந்த கரும்புத் தோட்டத்துக்குத்தான் எங்களைக் கைநாட்டு வாங்கிக் கொண்டுவந்தார்கள். தோட்டத்து ஒப்பந்தம் முடிந்து, நானும் என் வீட்டுக்காரரும் ஊருக்குள் வந்து இரண்டு மாடு வாங்கிக் கட்டியபோது மார்த்தா வேலிக்கு அந்தப் பக்கம் துணி வெளுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது டோரா கைக்குழந்தை. எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அந்த வருஷம்தான் ரங்கசாமி பிறந்தான். பிறந்த கையோடு எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. கொட்டகை நிறையப் பால் இருந்தது, மாட்டுப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மார்த்தா வேலியைத் தாண்டி வந்து, யாரையும் எதுவும் கேட்காமல், பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் டோரா, ஒரு பக்கம் ரங்கசாமி. நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அவன் குடித்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

சாமுவேல் ஒருமுறை ஆற்றோடு மேலே போனவர் திரும்பவில்லை. படகு கவிழ்ந்ததென்றார்கள். என் வீட்டுக்காரரும் சில வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பொம்பளைகளும் வேலிக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகளை வளர்த்தோம். டோரா எங்கள் வாசலிலேயே கிடந்ததால் நம் பேச்சு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. 'ங்க' போடாமல் பேசினால் நான் கம்பங்களி போட மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். கம்புக்கு இங்கே எங்கே போவது? சோள மாவில்தான் கிண்டுவேன், பெயர் மட்டும் கம்பங்களி. டோரா துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். அவள் மகன் ஜோசப்.

ரங்கசாமிக்கு ஆற்றின் கீழ்க்கரைத் தோட்டத்தில் நம்மவர் பெண் ஒருத்தியைப் பேசினேன். பழனியம்மாள். தாலிக்கு என் காதுத் தோட்டை உருக்கலாம் என்று கழற்றி வைத்திருந்தேன். அதைப் பார்த்த மார்த்தா உள்ளே போய், பைபிளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். சாமுவேல் கடைசியாகக் கொண்டுவந்த துகள். அவள் கஷ்டப்பட்ட நாளில்கூட அதைத் திறந்ததில்லை. நாச்சிமுத்து மாமாவிடம் சொன்னேன், இப்படி வந்திருக்கிறது, ஆகுமா என்று. அவர் குப்பியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார்.

"எந்த மண்ணுல கெடந்தாலும் பொன்னு பொன்னுதானுங்க அம்மணி. உருக்கிப்போட்டா அப்பறம் என்ன இருக்குது?" என்றார்.

தட்டாரிடம் நம் பக்கத்துத் தாலி எப்படி இருக்கும் என்று மண்ணில் கீறிக் காட்டிச் செய்து வாங்கினேன்.

பிறகுதான் இணைச்சீர்ப் பேச்சு வந்தது. நம் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை தாலி கட்டும் முன்னால் அவனுடைய உடன்பிறந்தவளுக்கு ஒரு சீர் உண்டு. அவளும் கல்யாணப் பெண்போல உடுத்தி, நகை போட்டு, கூடையோடு வந்து நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில், மறுமுனை அவள் கையில். உனக்குப் பெண் பிறந்தால் என் மகனுக்குக் கொடுப்பாயா என்று அவள் கேட்க, கொடுக்கிறேன் என்று அவன் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்துவது வழக்கம்.

"என்ற பேத்திய நிறுத்திக்கலாமுங்க" என்றார் மாமா. நானும் சரியென்றுதான் இருந்தேன். கொட்டகையிலிருந்து ரங்கசாமி வந்தான்.

"ஏனுங்க மாமா, எனக்குத்தான் அக்கா இருக்குதுங்களே" என்றான்.

யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். மாமா சிரித்து மழுப்பப் பார்த்தார். அவன் விடவில்லை. கடைசியில் மாமாவின் குரல் தணிந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். அது வேற சாதி, வேற சாமி, வேற நெறம், விளக்குக்கு முன்னால் சொல்கிற சொல் விளையாட்டில்லை, கொடுக்கிறேன் என்றால் கொடுக்கவேண்டியிருக்கும் என்றார்.

"பொன்னை உருக்கிப்போட்டு எடுத்துட்டீங்க. எங்கக்காளையும் உருக்கோணுமுங்களா?" என்றான் ரங்கசாமி.

மாமா என்னைப் பார்த்தார். மகனும் என்னைப் பார்த்தான். நான் திமிர் பிடித்தவள் என்று ஊரில் பெயர். இங்கேயும் அந்தப் பெயரைக் கெடுத்துக்கொண்டதில்லை. வருஷாவருஷம் காரமடைத் தேர் முடிந்ததும் என் அண்ணன் யாரையாவது எழுதச் சொல்லி நாலு வரி போட்டு, உள்ளே கோயில் மஞ்சள் ஒரு சிட்டிகை மடித்து அனுப்புவார். ஏழு கடல் தாண்டி வந்தாலும் நான் அந்த வீட்டுப் பெண் என்பதற்கு அந்த மஞ்சள்தான் சாட்சி. மாமா ஊருக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டார், போனதும் அண்ணனைப் பார்ப்பார். எல்லாம் அந்த நிமிஷத்தில் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை எந்த மடியில் கண் விழித்தது என்பதும் தெரிந்துதானே இருந்தது. டோராவே நிற்கட்டும் என்றேன்.

மருமகளாக வரப்போகிறவளையும் கேட்க வேண்டுமே. பழனியம்மாளை ஆள் அனுப்பிக் கேட்டேன். அவங்க எனக்கு நாத்தனார்தானுங்களே, அப்ப சரிங்க என்று சொல்லிவிட்டாள். குழப்பம் வந்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். வேலியோரம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மார்த்தாவிடம் விவரம் சொன்னேன். டோராவுக்குப் புதுச்சேலை, நகை, ரங்கசாமி பக்கத்தில் நிற்பாள், அவன் பிடிக்கிற சேலையை இவளும் பிடிப்பாள் என்று. மார்த்தா இஸ்திரிப்பெட்டியை ணங்கென்று கீழே வைத்தாள். உன் மகனுக்கு ஒரே நாளில் இரண்டு பெண்டாட்டியா, என் மகளுக்குப் புருஷன் இருப்பது உனக்குத் தெரியாதா, பாதிரியார் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். நான் விளக்க விளக்க இன்னும் மோசமானது. பெண் பிறந்தால் ஜோசப்புக்கு என்றதும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டோரா வந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்து, அது அக்காளுக்குச் செய்கிற மரியாதை என்று எடுத்துச் சொன்னாள். மார்த்தா நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"எல்லார் முன்னாலுமா?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லார் முன்னாலும்தான் என்றேன். இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், திரும்பி வந்து, அந்தச் சேலையைக் கொடு, நான் தேய்த்துத் தருகிறேன் என்றாள்.

கூறைச் சேலைக்குக் கஞ்சி போடுவார்களா? அவள் போட்டாள். துரைமார் சட்டைக் கழுத்துக்குப் போடுகிற கஞ்சியை, மரியாதை குறையக்கூடாதென்று இரண்டு மடங்காகப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். கல்யாணத்தன்று ரங்கசாமி அதைக் கக்கத்தில் இடுக்கப் பார்த்தால், அது அப்பளம்போல நொறுங்குகிற சத்தத்தோடு விறைத்து நிற்கிறது. கொசுவம் மடிய மாட்டேன் என்கிறது. வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா மட்டும் சிரிக்காமல் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அதை மடக்கிக் கொடுத்தார். பிறகு டோரா விளக்குக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, தெருவுக்குக் கேட்கும்படி கேட்டாள்.

"ஏனுங் தம்பி, உங்களுக்குப் பொண்ணுப் பொறந்தா எம்பட பையனுக்குக் குடுப்பீங்ளா?"

"குடுக்கறனுங்கக்கா" என்றான் என் மகன்.

மாமா ஒரு சொல் குறைக்கவில்லை, ஒரு முறை விடவில்லை. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். பந்தி போட்டபோது ஆளைக் காணோம். பலகைப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தார். நம் பக்கத்தவர் மற்ற மூன்று வீட்டாரும் அவருக்குப் பின்னால்.

"சீரு கொறையில்லாம செஞ்சுபோட்டேனுங்க அம்மணி. கை நனைக்க மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

நானும் சொல்லவில்லை. போய்ட்டு வாங்க மாமா என்று கும்பிட்டு அனுப்பிவிட்டு வந்து, மார்த்தாவுக்கு முதல் இலை போட்டேன். நம்மவர்களுக்கென்று சமைத்த சோறு அன்றைக்குத் தெரு முழுக்கப் போனது. சந்தை வாசல் கிழவர்கள்கூட வந்து சாப்பிட்டுவிட்டு, ரசத்துக்குக் கண்ணீர் விட்டார்கள்.

இந்த வருஷம் காரமடைத் தேர் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. மஞ்சள் வரவில்லை. தபால்காரனை நான் கேட்கவில்லை, அவனாகவே இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வாசலில் நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து உட்கார வேண்டியவர். அவருக்கும், அவர் வாசலில் அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சீர் முறையாகத்தான் நடந்தது. உடன்பிறந்தவள்தான் நின்றாள்.

ரங்கசாமிக்குப் பெண் பிறந்திருக்கிறது. ஜோசப்புக்குக் கொடுப்பதா என்று இப்போதே கேட்காதீர்கள். வளர்ந்த பிறகு அவர்கள் இருவர் பாடு அது. ஆனால் கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் விளக்குக்கு முன்னால் சொன்னவை, அவற்றை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். காலையில் குளித்ததும் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்று, கிழக்கே பார்த்து ரங்கநாதரைக் கும்பிடுவேன். கடலுக்கு அப்பால் அந்தப் பக்கம்தான் காரமடை என்று எனக்கு ஒரு கணக்கு. மார்த்தாவின் வீடு என் முதுகுக்குப் பின்னால். நான் கண்ணை மூடிப் பெருமாளே என்கிறபோது, என் தோளுக்கு மேலே தலை தூக்கிப் பார்க்கிற பிள்ளை வேலிப் பக்கம் கையை நீட்டித் துள்ளும், அங்கிருந்து ஜோசப் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அது விழுந்துவிடாமல் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். மிச்சம் இருக்கிற ஒரு கையால்தான் இப்போதெல்லாம் காரமடையைக் கும்பிடுகிறேன்.